டிரியன் மூக்கு கெடாப் படலம்

நாவல் திரைக்குப் போகும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதை விளக்க மேனாட்டு ஆய்வாளர்கள் தடித்தடியாகக் கோட்பாடுகள் எழுதுகிறார்கள். நன்னூல் படித்தவனுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. நாவல் நிலைமொழி, தொலைக்காட்சித் தொடர் வருமொழி. இரண்டும் புணரும்போது இயல்பாக நிற்கும். இல்லையேல் ஒன்று தோன்றும், திரியும், அல்லது கெடும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையும், அதிலிருந்து எச்பிஓ 2011 முதல் 2019 வரை 73 எபிசோடுகளாக ஒளிபரப்பிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரும் இவ்வாய்வின் களம். (அத்தொடரில் புணர்ச்சிக்குப் பஞ்சமில்லை என்பது உலகறிந்தது. இங்கே பேசப்படுவது இலக்கணப் புணர்ச்சி மட்டுமே எனப் பெரியோர்க்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

முதல் சீசன் ஏறக்குறைய இயல்பு புணர்ச்சி. நெட் ஸ்டார்க்கின் தலை நாவலிலும் உருண்டது, ஒன்பதாம் எபிசோடிலும் உருண்டது. ஆக, தலை போகிற விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. தகராறு மூக்கில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் நாவலான ‘எ க்ளாஷ் ஆஃப் கிங்ஸ்’ 1998இல் வந்தது. அதில் பிளாக்வாட்டர் போர் நடக்கும்போது, டிரியன் லானிஸ்டரைத் தன் பக்கத்துப் படைவீரனான மேண்டன் மூரே வாளால் வெட்டுகிறான். மூக்கின் பெரும்பகுதி போய்விடுகிறது. அடுத்தடுத்த நாவல்களில் அந்த இல்லாத மூக்கு, இருக்கிற மூக்குகளைவிட அதிகமாக உழைக்கிறது. எதிரே வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எஞ்சிய துண்டு அரிக்கிறது. டிரியன் அதைத் தேய்த்துக்கொள்கிறான். மூக்கு ஒன்று போனதால் ஒரு இலங்கையே எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் கனம் சொல்லாமலே விளங்கும்.

தொடரிலும் அதே போர், அதே மூர், அதே வாள். ரத்தமும் குறைவில்லாமல் கொட்டுகிறது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் முகத்தின் குறுக்கே ஒரு தழும்பு. மூக்கு வைத்த இடத்தில் வைத்தபடி. இலக்கண நோக்கில் இது நுட்பமான இடம். மூக்கு கெடுவது நிலைமொழியின் இயல்பு. வருமொழியில் அந்தக் கெடுதலே கெட்டு, மூக்கு நின்றது.

இனி வரும் சான்றுதான் இவ்வாய்வின் உயிர்நாடி. 2012இல் ஒளிபரப்பான ‘பிளாக்வாட்டர்’ எபிசோடின் திரைக்கதையை எழுதியவர் சாட்சாத் மார்ட்டினேதான். நாவலாசிரியராக அறுத்த மூக்கைத் திரைக்கதாசிரியராகத் திரும்ப ஒட்டிக்கொடுத்தவர் அவர். மூலநூல் செய்தவரே உரையும் எழுதி, அந்த உரையில் தம் மூலத்தைத் தாமே மறுப்பதை நம் உரை மரபில் எங்கே தேடினால் கிடைக்கும்?

காரணம் என்ன? பீட்டர் டிங்க்லேஜ் டிரியன் வேடத்துக்காக எம்மி விருது வாங்கியது நான்கு முறை, நான்கும் மூக்கோடு. ஹாரி பாட்டர் படங்களில் வோல்டமோர்ட்டாக வந்த ரால்ஃப் ஃபைன்ஸின் மூக்கைக் கணினியில் அழிக்கவில்லையா என்று கேட்கலாம். அழித்தார்கள். ஆனால் வோல்டமோர்ட் எப்போதாவது வந்து மிரட்டிவிட்டுப் போகிறவன். டிரியனோ வாராவாரம் வந்து, குடித்து, மணிக்கணக்கில் பேசுகிறவன். அவனுக்கு ஃபிரேம் ஃபிரேமாக மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தால் டிராகன்களுக்குக் காசு ஏது?

தழும்பே போதும், பொருள் ஒன்றுதான் என்பாரும் உளர். அது பொருந்தாது. தழும்பு ஆணுக்கு எடுப்பு; மூக்கின்மை எடுப்பாகாது. ஐந்தாம் நாவலில் வரும் டிரியன் கசந்துபோனவன், குரூரமாகவும் பேசுகிறவன். தொடரிலோ அவன் தாடி வளர்த்து, தழும்பு பொலிய, ஊருக்கெல்லாம் புத்திசொல்லும் அமைச்சராகிவிடுகிறான். மூக்கு நின்றது, கசப்பு கெட்டது. இந்த ஓர் இடத்தில் நான் விளையாட்டாகப் பேசவில்லை.

அப்படியானால் அவன் அண்ணன் ஜேமியின் வலக்கையை மட்டும் தொடரிலும் வெட்டலாமா? வெட்டலாம். கைக்குப் பொன்னால் உறை உண்டு, உண்மைக் கையை அதற்குள் ஒளிக்கலாம். மூக்குக்கு ஒளியிடம் இல்லை. எனவே சூத்திரம்: மறைக்கத்தக்க உறுப்பே அறுக்கத்தக்கது.

திரிதலுக்கு டாவோஸின் விரல்கள். நாவலில் அவன் தலைவன் ஸ்டானிஸ் வெட்டிக் குறைத்தது இடக்கை விரல்களை. டாவோஸாக நடித்த லியம் கன்னிங்ஹாம் இடக்கைப் பழக்கக்காரர். ஆகவே தொடரில் வலக்கை விரல்கள் போயின. வயதும் திரிந்தது: நாவலில் பதின்மூன்று வயதான டெனேரிஸ் தொடரில் சில ஆண்டுகள் மூத்தாள். இந்தத் திரிபை எவரும் குறைசொல்லக் கூடாது. அவளுடைய ஊதாக் கண்களுக்காக லென்ஸ் மாட்டிப் பார்த்தார்கள். கண்ணின் நடிப்பு அடைபடுகிறது என்று கழற்றிவிட்டார்கள். முதல் நாவலின் முடிவில் அவள் சிதையில் இறங்கி எழும்போது தலைமுடி முழுவதும் எரிந்துபோயிருக்கும். தொடரில் ஆடை எரிந்தது, முடி எரியவில்லை. எது எரிந்தால் பார்வையாளர் கூடுவர், எது எரிந்தால் குறைவர் என்பதைத் தயாரிப்பாளர்களின் தீ நன்கு அறிந்திருந்தது.

ஆள் கெடுதலோ கணக்கில்லை. மூன்றாம் நாவலின் கடைசிப் பக்கங்களில் பிணக்கோலத்தில் எழுந்துவரும் கேட்லின் தொடரில் எழவே இல்லை. அது எரிகிற வீட்டில் பிடுங்கிய பெரிய கொள்ளி என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது. ஆறாவது, தொடர் முடிந்த பின்னும் வரவில்லை. ஆக ஒரு கட்டத்துக்கு மேல் நிலைமொழியே கிடையாது. வருமொழி மட்டும் தன்னந்தனியாக எதனோடோ புணர்ந்துகொண்டிருந்தது. கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இணைய மனுவில் கையொப்பமிட்டதன் இலக்கணக் காரணம் இதுவே. நிலைமொழி இல்லாத இடத்தில் எல்லாமே தோன்றல்தான். அதன் உச்சம் 2019 மே மாதம் எட்டாம் சீசனின் நான்காம் எபிசோடில், விண்டர்ஃபெல் விருந்து மேசையில், டெனேரிஸின் முன்னே தோன்றியது: மூடி போட்ட ஒரு காபிக் கோப்பை. ஊர் சிரித்தது. எச்பிஓ ஓரிரு நாளில் அதைக் கணினியில் அழித்துவிட்டது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, ‘கோப்பையை அழிக்கத் தெரிந்தவர்களுக்கு மூக்கை அழிக்கத் தெரியாதா, ஐயா?’ என்று கேட்கக்கூடும். அவருக்கு விடை: கோப்பை வந்தது சில நொடி, மூக்கு வரவேண்டியதோ இன்னும் ஆறு சீசன். தவிர, கோப்பைக்கு எவரும் எம்மி கொடுப்பதில்லை என்க.