கிட்டப்பாவுக்கு எத்தனை லட்சத்தில் முள்?

செங்கோட்டை கிட்டப்பா நாடக மேடை ஏறிய காலத்தில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைக்காரனுக்கும் கொடுத்த காசுக்குப் பழுதில்லாமல் குரல் போய்ச் சேரும். 1906இல் பிறந்தவர், 1933இல் 27 வயதிலேயே கிளம்பிவிட்டார். போகுமுன் அந்தக் குரலை ஒரு பூச்சியின் சுரப்பில் பத்திரமாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அவமரியாதை இல்லை ஐயா, 78 ரிக்கார்டின் மூலப்பொருளே அரக்குத்தான்.

அரக்கோடு கல்பொடியையும் கலந்தார்கள். நூறு கிராமுக்கு மேல் கனக்கும் கிராமபோன் சவுண்ட் பாக்ஸ் எஃகு முள்ளை ரிக்கார்டின் மேல் அழுத்தும்போது ஒன்று ரிக்கார்டு தேயணும், இல்லை முள் தேயணும். முள்ளைத் தேயவிடத்தான் கல்பொடி. ஒரு பக்கம் ஓடியதும் முள்ளைத் தூக்கிப் போட்டுவிடு என்பது கம்பெனி சட்டம். நம்மூர்க்காரர் ஒரே முள்ளில் கல்யாணத்தையே முடித்திருப்பார். கிட்டப்பாவின் பிருகாக்கள் ஒவ்வொன்றாகக் கொட்டியது அப்படித்தான். நடுவில் சாவி கொடுக்க மறந்தாலோ, உச்சத்தில் நின்ற கிட்டப்பா மெல்ல மெல்ல இறங்கிப் படுத்தே விடுவார்.

78 ரிக்கார்டுகளின் காலத்திலேயே குற்றாலத்தில் ஒரு தங்கக் காது இருந்தது. ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்தை எடுத்து, இது கம்பன், இது எவனோ சொருகியது என்று காதை நம்பியே பிரித்துப் போட்டார். பண்டிதர்கள் குதித்தார்கள். கல்கியும் ராஜாஜியும் ரசித்தார்கள். பிரித்தது சரியோ தப்போ, அந்தக் காதுக்கு ஆன உபகரணச் செலவு பூஜ்யம். அருவியும் சாரலும் ஓசி.

தங்கக் காது என்று சொல்லிக்கொள்ளும் இன்றைய ரிக்கார்டு ரசிகர்களுக்கு அது கட்டாது. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் சில லட்சம். ஆர்ம் தனி, வயர் தனி, இத்தனையையும் தூக்கி வைக்கக் கருங்கல் பலகை தனி. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1970களில் ஸ்காட்லாந்தின் லின் கம்பெனிக்காரர் ஒரு வாதத்தைக் கிளப்பினார்: பள்ளத்திலிருந்து முள் எடுக்காமல் விட்டதை எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. உண்மை. நன்றாகச் சீவிய வைர முள்ளுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். ஆனால் தட்டை ஒரே வேகத்தில் சுற்றும் கலையை ஜப்பானின் டெக்னிக்ஸ் 1979லேயே குவார்ட்ஸ் வைத்து முடித்துவிட்டது. வேக ஆட்டம் 0.025 சதவீதம். அதற்கு மேல் சுற்றலுக்குக் கொடுக்கும் லட்சமெல்லாம் வருகிறவர்களிடம் காட்டுவதற்கு.

காதுக்கும் ஒரு பரீட்சை வந்தது. 2022இல் அமெரிக்க ரிக்கார்டு கம்பெனி மொபைல் ஃபிடிலிட்டியின் குட்டு வெளிப்பட்டது. டிஜிட்டல் வாடையே படாத சுத்த அனலாக் என்று நம்பி வாங்கிய ரிக்கார்டுகள் பலவற்றில், நடுவில் டிஜிட்டல் நகல் உட்கார்ந்திருந்தது. வருஷக்கணக்காக உலகின் விலையுயர்ந்த முட்களெல்லாம் அவற்றின் மேல் ஓடியும் எந்தக் காதும் கண்டுபிடிக்கவில்லை. ரிக்கார்டு கடைக்காரர் ஒருவர் வாயைத் திறந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. டி.கே.சி. இருந்திருந்தால் அத்தனை பேரையும் இடைச்செருகல் என்று நீக்கியிருப்பார்.

கிட்டப்பா விஷயத்தில் லட்சம் இன்னும் பரிதாபம். எல்.பி. முள்ளின் நுனி ஆரம் சுமார் 0.018 மில்லிமீட்டர், 78க்கு வேண்டியது 0.075. லட்ச ரூபாய் எல்.பி. முள்ளை 78 மேல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் இறங்கி, தொண்ணூறு வருஷத்து அழுக்கைத் துல்லியமாகப் பாடிக்காட்டும். கிட்டப்பா மேலே சுவரில் இருப்பார்.

ஆகவே தென்காசிப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது அவர் ரிக்கார்டு கிடைத்தால், 78க்கென்றே விற்கும் சாதாரண முள் ஒன்று வாங்குங்கள், போதும். துடைக்க மட்டும் ஸ்பிரிட் தொடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், கிட்டப்பா துணியோடு வந்துவிடுவார்.