மழைக்காலமும் எதிர்ப்புச் சக்தியும்

கேள்வி: கடலூர், சிதம்பரம் பக்கம் ஐப்பசி பிறந்தாலே வீட்டுக்கு வீடு இருமல். கஷாயம் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கூடிவிடுமா?

பதில்: சளிக்குக் காரணம் நனைந்த தலை அல்ல, வைரஸ். அடைமழையில் ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்துகொள்வது அதற்குப் பெருவிருந்து. மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் தொண்டைக்கு இதம்; வைரஸைக் கொல்லாது. நெல்லிக்காயின் வைட்டமின் சி-யும் சளி வருவதைத் தடுக்காது. தினமும் எடுத்துவந்தால் வந்த சளி சற்று முன்னதாக விடைபெறலாம், அவ்வளவே.

வெள்ளையணுக்கள் கேட்பது புரதமும் நல்ல தூக்கமும்தான். முட்டை, பருப்பு, கடலூர் துறைமுகத்து மத்தி போதும். மத்தியில் வைட்டமின் டி-யும் உண்டு. சிதம்பரத்து ஆருத்ரா தரிசனத்தன்று கிண்டும் திருவாதிரைக் களியில் பாசிப்பருப்பு சேர்கிறது. வெல்லமும் சேர்வதால் சர்க்கரை நோயாளிக்கு ஒரு கரண்டி போதும்.

முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் மழைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது எந்தக் கஷாயத்தையும்விட வலுவான காப்பு.

2015-இல் கடலூரைச் சூழ்ந்ததுபோன்ற வெள்ளம் வந்தால் கவலை வேறு: எலிக்காய்ச்சல். கால் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்கக் கூடாது. குடிநீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.