விண்டோஸ் யூனிக்ஸ் புணரியல்: ஒரு சிற்றாராய்ச்சி

நிலைமொழி விண்டோஸ், வருமொழி யூனிக்ஸ். இவ்விரண்டும் புணருமிடத்து விகாரம் உண்டாகும் என்பது விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளை ஓட்டவந்த சிக்வின் திட்டம் தொடங்கிய 1995 முதல் கணினியாளர் கண்டறிந்தது. ஆயினும் அதைப் பிழை என்று கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவோரே மிகுதி. அது பிழையன்று, விகாரம். நன்னூலார் வகுத்த தோன்றல், திரிதல், கெடுதலில் பெரும்பாலும் அடங்கும் என்பது நம் துணிபு.

தோன்றலே தலையாயது. விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டினால், '/பின்/பேஷ்^எம்' என்றொரு கோப்பே இல்லை என்று மறுக்கும். பேஷ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இல்லாதது வால் முளைத்த பேஷ். அந்த ^எம் என்னும் வால், ஆஸ்கி 13, கேரேஜ் ரிட்டர்ன். விண்டோஸ் ஒரு வரியை 13, 10 என்னும் இரு குறிகளால் முடிக்கும். யூனிக்ஸுக்கு 10 மட்டும் போதும்.

இரண்டு எதற்கு எனின், பழைய டெலிடைப் 33 விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும். அதன் அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு வந்து சேர ஓர் எழுத்தடிக்கும் நேரம் போதாது. முதலில் 'திரும்பு' என்று சொல்லிவிட்டு, அது வந்துகொண்டிருக்கையில் 'தாளை ஏற்று' என்றால் அவகாசம் கிடைக்கும். இவ்வழக்கைச் சிபி/எம் கைக்கொண்டது. அதைப் பார்த்து டாஸ். டாஸின் வாரிசாக விண்டோஸ். இன்று திரும்புவதற்குத் தலையே இல்லை. அவகாசம் மட்டும் வரிக்கு வரி வழங்கப்படுகிறது. 10 மட்டும் உள்ள கோப்பை ஒழுங்காக வரி பிரித்துக் காட்ட நோட்பேட் கற்றது 2018இல்தான்!

'நான் விண்டோஸில் எழுதவே இல்லையே' என்பாரும் உளர். அவர் எழுதாவிடினும் கிட் எழுதியிருக்கும். விண்டோஸுக்கான கிட்டை 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தியே நிறுவியவர்க்கு, கோப்பை எடுத்துத் தரும்போதெல்லாம் 13ஐச் சேர்த்துத் தரும் ஏற்பாடே வாய்க்கிறது. ஐயமிருப்பின் 'கேட் -ஏ' கொண்டு பார்க்க. வரிக்கடைதோறும் ^எம்$ என நிற்கும்.

திரிதலுக்குக் காட்டு: கிட் பேஷில் நின்று டாக்கருக்கு '/ஆப்' என்று பாதை கொடுத்தால், அது 'சி:/புரோகிராம் ஃபைல்ஸ்/கிட்/ஆப்' என்று திரிந்து போய்ச் சேரும். விண்டோஸ் நிரலுக்கு விளங்கட்டுமே என்று, கிட் பேஷின் அடித்தளமான எம்சிஸ் செய்யும் உபகாரம் இது; யாரும் கேட்காத உபகாரம். சாய்கோட்டை இரட்டித்து '//ஆப்' என்றால் திரியாது. (தமிழில் இரட்டித்தல் விகாரம், இங்கே அதுவே விகாரத்துக்கு மருந்து.)

கெடுதல் நாமே செய்வது. 'டாஸ்2யூனிக்ஸ்' ஓட்டினால் 13 கெடும். கிட் அதை மீண்டும் தோற்றுவிக்காதிருக்க, '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் ஸ்கிரிப்டுகளுக்கு 'இஓஎல்=எல்எஃப்' என்று விதித்துவைக்க வேண்டும்.

புறநடை: 'ஃபைண்ட்' இரண்டு உண்டு. யூனிக்ஸ் ஃபைண்ட் கோப்பைத் தேடும். விண்டோஸ் ஃபைண்ட் கோப்புக்குள் சொல்லைத் தேடும். முன்னதற்கு எழுதிய கட்டளை பின்னதன் கையில் சிக்கினால், அளபுரு சரியில்லை என்று நம்மையே குறை கூறும். கமாண்ட் பிராம்ப்டில் 'வேர் ஃபைண்ட்' என வினவுக. சிஸ்டம்32 முதலில் நிற்பின், யூனிக்ஸ் ஃபைண்டை முழுப் பாதையோடு விளிக்க.