சிவப்பு எச்சரிக்கை: இணைப்பு 3ஐப் பார்க்கவும்

அரச இணையதளங்களுக்கு அறிவித்தல் எழுதும் பெருமதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் திணைக்களத்தின் பெயரைக் குறிப்பிடாததற்கு மன்னிக்கவும். எல்லாத் திணைக்களங்களிலும் தாங்களே எழுதுவதுபோல் தெரிவதால் ஒரே கடிதத்தில் முடித்தாகிவிட்டது.

தங்கள் கைவண்ணத்தில் ஒரு தலைப்பு இப்படித்தான் பிறக்கும்: “மேற்படி சுற்றுநிருபத்தின் 4ஆம் பந்தியின் பிரகாரம், சீரற்ற காலநிலை தொடர்பில் மேற்கொள்ளப்பட வேண்டிய நடவடிக்கைகள் பற்றிய விசேட அறிவித்தல் (திருத்தப்பட்டது)”. ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் நின்று போனைப் பார்ப்பவருக்குத் திரையில் தெரிவது சுற்றுநிருபமும் பந்தியும்தான். மலை சரியும் செய்தி இணைப்பு 3இல் பத்திரமாக இருக்கிறது.

இணையத்தில் மக்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1997இலேயே சோதித்துப் பார்த்தார். 79 வீதமானோர் பக்கத்தை மேலோட்டமாகத்தான் மேய்ந்தார்கள். சொல் சொல்லாக வாசித்தவர்கள் 16 வீதமே. ஆகவே முக்கியமானதை முதலில் சொல்லுங்கள் என்றார் அவர். யாரும் வாசிக்கப் போவதில்லை, எப்படி எழுதினால் என்ன என்று தாங்கள் விளங்கிக்கொண்டீர்கள் போலும்.

தங்களுக்குக் கிடைக்கும் மூலப்பொருளில் குறை சொல்ல முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்றே நிறங்களில் வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பென்றால் வெளியேற வேண்டும். இவ்வளவு தெளிவான ஒன்று தங்கள் மேசையைத் தாண்டும்போது “பொதுமக்கள் அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்” என்று ஆகிவிடுகிறது. லயத்துக் காம்பிராவில் ஆறு பேரோடு படுத்திருப்பவர் நடுச்சாமத்தில் எப்படி அவதானத்துடன் செயற்படுவார்? பின்பக்கத்து மண்மேட்டை விடியும்வரை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது பிறகுதான் நாட்டுக்குத் தெரிய வந்தது. எச்சரிக்கை இருந்தது, கோப்பில். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நுவரெலியாவையும் பதுளையையும் கண்டியையும் உலுக்கியபோது, தமிழில் எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. தமிழ் 1987இல் அரசகரும மொழியானது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். ஆனாலும் சிங்களமும் ஆங்கிலமும் போன பின், மழை விட்ட நேரத்தில் தமிழ் வந்து சேர்கிறது.

சுருக்கமாக எழுதத் தெரியாது என்ற பழியைத் தங்கள் தரப்பின் மீது போட முடியாது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் தோட்டத் தொழிலாளர் சம்பளம் பற்றிச் சொன்னபோது “நாளொன்றுக்கு 1700 ரூபா” என்று எவ்வளவு அழகாக அடங்கியது! அது அடிப்படை 1350, விசேட கொடுப்பனவு 350 என்று பிரிவதை வர்த்தமானியைத் தேடி வாசித்தவர்கள் அறிந்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1350 வந்தது. கொடுப்பதாகச் சொல்லும்போது தலைப்பு ஒரு வரி, ஓடச் சொல்லும்போது மூன்று பந்தி.

தோட்டத்து வாசகர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை இன்றைக்கு எந்த மலை, எத்தனை கிலோ என்பதை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பார். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். “கொழுந்து பறித்தல் தொடர்பில் உரிய நடவடிக்கை” என்று அவர் தொடங்கினால், கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

தங்கள் வசதிக்காக ஒரு மாதிரி: “மஸ்கெலியா: மண்சரிவு அபாயம். இன்றிரவே வெளியேறுங்கள்.” அடுத்த வரியில் எந்தப் பாடசாலைக்குப் போவது, அதற்கடுத்து எதை எடுத்துக்கொள்வது, அவசரத்துக்கு 117. சுற்றுநிருப இலக்கத்தை விட மனமில்லை என்றால் அடியில் சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்; அது கோபித்துக்கொள்ளாது.

இன்னும் இரண்டு சிறு விண்ணப்பங்கள். தாளை ஸ்கான் செய்து பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டாம், தேடினால் அகப்படாது. பாமினியில் அடித்ததை அப்படியே ஒட்டவும் வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தமிழ் பொத்தானை அழுத்திவிட்டு ஆங்கிலப் பக்கத்தில் நிற்கும் நுவரெலியா வாசகர்கள்

பிரதி: அந்தப் பொத்தானைப் பொருத்தியவருக்கு, தகவலுக்காக.