பேரம் படிக்கப் போன பேராண்டி

ஏன் அப்புனு, அட்டை அடிச்சுட்டயாமா? 'ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ.'ன்னு பளபளன்னு போட்டிருக்குதாமே! ரொம்பச் சந்தோசம். மரச்செக்கு எண்ணெய் யாவாரம்னு சொன்னே. செக்கு எங்க? இன்னும் வாங்கலை. கடலைக்காய் எங்க? இன்னும் பேசலை. எண்ணெய்? அது வந்துரும்ங்கறே. ஆனா லோகோ மட்டும் மூணு வந்திருக்குது, எதை எடுக்கறதுன்னு வாட்ஸ்அப்புல ஓட்டெடுப்பு நடக்குது. புள்ள பொறக்கறதுக்கு முந்தியே பேரு வெக்கறவனைப் பாத்திருக்கறேன். நீ காதுகுத்துக்குப் பத்திரிகையே அடிச்சுட்டே.

இதுல பேரம் பேசறதுக்கு வேற படிச்சுட்டு வந்தயாமா. கோயமுத்தூர்ல ஏசி ஓட்டல், ரெண்டு நாள் வகுப்பு, மத்தியானம் பஃபே. எத்தனை கட்டுனே? கேட்டதைக் கட்டிட்டயா? கொறைச்சுக் கேக்கவே இல்லையா? அட கண்ணு, பேரம் சொல்லித் தர்றவருகிட்டயே பேரம் பேசாம பணத்தைக் கட்டிட்டே. அதுக்கப்புறம் அவரு உனக்கு என்னத்தச் சொல்லித் தர? நீ முதல் பரிட்சையிலயே கோட்டை விட்டாச்சு.

சரி, என்ன சொல்லிக் குடுத்தாங்க? எதிராளி முன்னால சாஞ்சா நீயும் சாயோணும். அவன் கையைக் கட்டினா நீயும் கட்டோணும். கண்ணைப் பாத்துப் பேசோணும். அவ்வளவுதானா? பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு ஒரு நடை வா. செவ்வாயும் வியாழனும் கூடுது. கேரளத்துக்கு லாரி லாரியா மாடு போற சந்தை. அங்க பேரம் எப்படி நடக்குதுன்னு பாரு. கை மேல ஒரு துண்டு. துண்டுக்குள்ள ரெண்டு பேரு விரல். எந்த விரலை எப்படிப் புடிச்சா எத்தனைன்னு அவியளுக்குத் தெரியும். வாயே தொறக்கறதில்லை. மூஞ்சியில ஒரு சலனம் இருக்காது. பக்கத்துல நிக்கறவனுக்கு விலை தெரியக் கூடாது, அப்பத்தான் அடுத்த மாட்டுக்கு அவனவன் பேரத்தை அவனவன் பேச முடியும். உன்ற ஓட்டல் வாத்தியாரை அங்க கூட்டியாந்து நிறுத்து. எந்த மூஞ்சியைப் பாத்து எதைக் கண்டுபிடிப்பாரு?

நீ மாடு விக்கப் போனீன்னா தரகன் முதல்ல என்ன கேப்பான், தெரியுமா? "எந்த ஊருங்க? வெள்ளெனவே கெளம்புனீங்களா? வண்டி நிக்குதா, அனுப்பிட்டீங்களா?" நீ என்ன நினைப்பே? அடடா, எத்தனை மரியாதைன்னு நினைப்பே. 'வண்டியை அனுப்பிட்டனுங்க'ன்னு வெள்ளந்தியாச் சொல்லுவே. சோலி முடிஞ்சுது. இவன் மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போகமாட்டான்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. இனி விலை அவன் சொல்றதுதான்.

இப்பச் சொல்லு, சந்தையில ஆரு கெட்டிக்காரன்? சத்தம் போடறவனா? இல்லை. ஊட்டுக் கட்டுத்தாரையில இன்னும் தட்டுப்போர் வெச்சிருக்கறவன்தான். கட்டுபடியாகலைன்னா ஓட்டிட்டுப் போயிருவான். மழை தப்பின வருசம் பாத்திருக்கறயா? தீவனம் தீந்து போயி மாட்டை ஓட்டியாந்தவன், பாதி விலைக்குக் குடுத்துட்டுப் போவான். அவனுக்கும் நல்லாப் பேசத் தெரியும். தட்டுத்தான் இல்லை.

இதையேதான் ரோஜர் ஃபிஷர், வில்லியம் யூரின்னு ரெண்டு அமெரிக்காக்காரங்க 1981ல புத்தகமா எழுதி வெச்சாங்க. பேச்சு முறிஞ்சா உனக்கு வேற வழி என்ன இருக்குது, அதை முன்னாடியே தேடி வெச்சுட்டுப் போன்னு அதுல இருக்குது. நல்ல புத்தகம்தான், நான் குத்தம் சொல்லலை. நம்ம வள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல்னு 48, 49, 50ஆம் அதிகாரமா வரிசையா வெச்சிருக்கறாரு. அவரு ராசாவுக்குச் சொன்னாரு. எண்ணெய்க் கடைக்காரனுக்கு ஆகாதுன்னு ஆரு சொன்னது?

வலியறிதலை முதல்ல பாப்பம். உன்ற எண்ணெய் லிட்டர் என்ன அடக்கம்? ஏன் முழிக்கறே? இதுக்குத்தான் வகுப்புக்குப் போனயா? பேப்பர் எடு. விலை நாளுக்கு நாள் மாறும், கணக்குக்கு வெச்சுக்கோ. நிலக்கடலைப் பருப்பு நூறு கிலோ, கிலோ 120 ரூபாய்னா 12,000. செக்குல ஆட்டினா எண்ணெய் 40 கிலோ சொச்சம், புண்ணாக்கு 55 கிலோ சொச்சம். புண்ணாக்கு கிலோ 40ன்னா 2,200 ரூபாய் திரும்ப வருது. மிச்சம் 9,800. இப்ப சாக்கிரதை! எண்ணெய் நிறுவைக்கு லேசு. ஒரு லிட்டர் ஒரு கிலோ நிக்காது, 910 கிராமோ 920 கிராமோதான் நிக்கும். அப்ப 40 கிலோங்கறது 44 லிட்டர் கிட்ட. லிட்டருக்கு 223 ரூபாய். ஆள் கூலி, கரண்டு, பாட்டில், வாடகை, வண்டி எல்லாஞ் சேத்து 40 ரூபாய்னு வை. அடக்கம் 263. புண்ணாக்கை மறந்தவனும் கெட்டான், கிலோவையும் லிட்டரையும் ஒண்ணா நினைச்சவனும் கெட்டான். இந்த 263 தெரியாம நீ எப்படித் துண்டுக்குள்ள கை உடுவே?

அடுத்தது பெரிய கடை. நீ லிட்டர் 280ன்னு சொல்றே. கடைக்காரரு, "270க்குப் போடுங்க"ங்கறாரு. நீ பாடம் படிச்சவன், விறைப்பா நிக்கறே. அவரு சிரிச்சுட்டு, "சரி, உங்க விலையே இருக்கட்டும், 280தான். பணம் மட்டும் அறுவது நாள் தவணை"ங்கறாரு. நீ குதிச்சுட்டு ஊட்டுக்கு வந்து ஜெயிச்சுட்டேங்கறே. ஜெயிச்சது ஆரு? நீ ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கித்தானே கடலை வாங்குவே? ரெண்டு மாசத்துக்கு 280க்கு வட்டி 11 ரூபாய்க்கு மேல ஆச்சு. அப்ப உன்ற கைக்கு வந்தது 269 ரூபாய்க்கும் கம்மி. "270ன்னே வெச்சுக்குங்க, ஆனா சரக்கு எறக்கறப்பவே பணம்"னு நீ சொல்லியிருந்தீன்னா ஒரு ரூபாய் உனக்கு மிச்சம், ராத்திரி தூக்கமும் மிச்சம். தவணையும் விலைதான் கண்ணு. விலைக்கு மல்லுக்கட்டிட்டுத் தவணைக்குத் தலையாட்டறவனை என்னன்னு சொல்றது?

கடன் குடுத்தே ஆகோணும்னா எழுத்துல வாங்கு. 2006ல சிறுதொழிலுக்குன்னு ஒரு சட்டம் போட்டிருக்கறாங்க. பதிவு பண்ணின குறுந்தொழில்காரன் செஞ்சு குடுத்த சரக்குக்கு, எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்ல பணம் வரோணும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. இழுத்தா ரிசர்வ் வங்கி சொல்ற வட்டியில மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. ஆனா நீ உத்யம் பதிவு முன்னாடியே பண்ணியிருக்கோணும். அதுக்குப் பைசா செலவு கெடையாது. செலவாகும்னு சொல்லிக் காசு கேக்கறவன் வந்தா வெளிய தாட்டி உடு. இன்னொண்ணு. முதல் நாளே கடைக்காரருகிட்டச் சட்டம் பேசாதே. பில்லுல தேதியைப் போடு. தேதி வந்தா போன் போடு. கேக்கறதுக்கு ஏன் கூச்சப்படறே? உன்ற பணம்தானே? அழுத புள்ளைதான் பால் குடிக்கும்.

அப்புறம் உன்ற பெரிய பொலம்பல், "முதல் இல்லீங்க தாத்தா, பேங்குல குடுக்க மாட்டேங்கறாங்க." ஏன் குடுப்பாங்க? நீ அம்பது பக்கத்துக்குப் படம் போட்டுக் கொண்டு போனே. அஞ்சாவது வருசம் நூறு கோடின்னு அதுல இருந்துச்சாமா. மேனேஜரு எட்டிப் பாத்தது உன்ற பேங்க் பாஸ்புக்கைத்தான். அதுல அப்பன் அனுப்பின செலவுக் காசு மட்டும் இருந்துச்சு. முத்ரா கடன் 2015ல இருந்து இருக்குது. ஈடு இல்லாம சிசுங்கற பிரிவுல 50,000 வரைக்கும், கிசோருங்கற பிரிவுல அஞ்சு லட்சம் வரைக்கும் குடுக்கறாங்க. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனா மானியத் திட்டமும் சொல்லுவாங்க. மானியம்னதும் நாக்கைத் தொங்கப் போடாதே. பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்து மானியமெல்லாம் உன்ற கைக்கு நேரா வராது. மூணு வருசம் பேங்குல டெபாசிட்டாக் கெடந்து, தொழில் ஓடினா கடன்ல கழியும். மானியத்துக்கோசரம் தொழில் ஆரம்பிச்சவன் மானியத்தோட முடிச்சுக்குவான்.

அதுக்கு முந்தி ஒண்ணு பண்ணு. செக்கை ஏன் இப்பவே வாங்கறே? பக்கத்து ஊருல கூலிக்கு ஆட்டித் தர்றவரு இருக்கறாரில்ல? கடலையைத் தூக்கிட்டுப் போ. ஆட்டி எடு. உணவுப் பாதுகாப்புப் பதிவை வாங்கிட்டு, தெருவுல இருக்கற ஊடுகளுக்குக் குடு. ஒறம்பரைக்கு ஓசியாக் குடுக்காதே. ஓசி எண்ணெய்க்கு எல்லாரும் 'ஆகா'ம்பாங்க, அதை நம்பி நாசமாப் போனவன் நெறையப் பேரு. காசு குடுத்து வாங்கினவ ரெண்டாந்தடவை கேட்டு வந்தாத்தான் எண்ணெய் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். "வேண்டாம்"னு சொன்னா மூஞ்சியைத் தொங்கப் போடாம ஏன்னு கேளு. "காறல் அடிக்குது"ம்பா, "அரை லிட்டர்ல இல்லையா"ம்பா. உன்ற வாத்தியாரு ரெண்டு நாள்ல சொல்லாததை அவ வாசப்படியில நின்னுட்டே சொல்லிருவா. இப்படி ஆறு மாசம் வித்த காசு பேங்குல ஏறட்டும். அப்புறம் மேனேஜரைப் போய்ப் பாரு. அதே நாற்காலி, அதே மனுசன்தான். உன்ற பேச்சுக்கு மட்டும் எடை கூடியிருக்கும். காலமறிதல்னா இதுதான். செக்கு விக்கறவங்கிட்ட நீ இளிச்சுட்டு நிக்கற காலம் போயி, மூணு பேருகிட்டக் கொட்டேஷன் வாங்கி மேசை மேல வெச்சுப் பேசற காலம் வந்துரும்.

இடனறிதல்னு ஒண்ணு பாக்கி இருக்குதே. பெரிய கடைக்காரரு அவரு ஏசி ரூமுல, உன்னை அரை மணி நேரம் காக்க வெச்சுட்டுப் பேசுவாரு. நீ வேர்த்து விறுவிறுத்துக் கேட்டதுக்கெல்லாம் சரிம்பே. ஒரு நாள் அவரை ஆட்டற எடத்துக்குக் கூட்டியா. புதுசா எறங்கற எண்ணெயை மோந்து பாக்கட்டும். அப்புறம் விலையைப் பேசு. ஒரு ரூபாய் செலவில்லாம பாதிப் பேரம் முடிஞ்சுரும்.

கடைசியா ஒண்ணு. பேரம் கத்துக்கிட்ட தெம்புல கடலைக்காய் போட்ட விவசாயிகிட்டப் போயி உன்ற வீரத்தைக் காட்டாதே. உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குக் கூட மிஞ்சாது. அவங்கிட்டக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் உருவிட்டு வந்து 'வின்-வின்'ங்கறயே, அதுல ரெண்டாவது வின்னு ஆருக்கு? அடுத்த வருசம் அவன் நல்ல பருப்பை வேற ஆளுக்குப் போட்டுட்டு, சொத்தையை உனக்குத் தாட்டி உடுவான். வருசா வருசம் மூஞ்சியில முழிக்க வேண்டியவங்கிட்ட, அவனுக்கும் நாலு காசு நிக்கற மாதிரி பேசோணும். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

போதும், எந்திரி. அட்டையெல்லாம் பொட்டியில கெடக்கட்டும், கெட்டுப் போகாது. அடக்கம் எத்தனைன்னு ராத்திரியே எழுதி வை. கடலை எந்த விலைக்கு மேல போனா எந்திரிச்சு வந்துருவேன்னு அதுக்கடியில எழுது. எழுதினதைச் சட்டைச் சோப்புல மடிச்சு வெச்சுக்கோ, ஒருத்தருக்கும் காட்டாதே. விடிஞ்சா புதன்கிழமை, கடலை யாவாரி ஊட்டுலதான் இருப்பாரு. போய்ப் பேசு. அவரு, "வண்டி நிக்குதா தம்பி?"ன்னு கேட்டா மட்டும், நிக்குதுங்கன்னு சொல்லு.