ஒரே வார இறுதியில் முடிக்கச் சொன்ன குழுவுக்கு

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், தரவுத்தள இடமாற்றக் குழு

பொருள்: பில்லிங் மென்பொருளை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுதல் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குழுவின் பவர்பாயிண்ட், கடைசி ஸ்லைடில் கைகுலுக்கும் படம் உட்பட.

ஐயா,

மார்ச் மாதக் கடைசிச் சனி, ஞாயிறில் மைக்ரேஷனை முடித்துவிட வேண்டும் என்ற ஆணை கிடைக்கப்பெற்றேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரமாகப் பார்த்து நாள் குறித்துக் கொடுத்த ஜோசியர் யாரென்று தெரிவித்தால் நல்லது. கணக்குப் பிரிவில் சிலர் அவரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

மாறவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆரக்கிளுக்கு லைசன்ஸ் விலையில் 22 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று கட்டி அழுகிறோம். 1986-இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ், காசும் கேட்பதில்லை, வேலையிலும் குறை வைப்பதில்லை. தங்கள் ஸ்லைடில் விட்டுப்போன ஒரு நன்மையையும் நானே சேர்க்கிறேன். நம் பழைய டேபிளில் பெயருக்கு 30 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். யூனிகோடில் ‘க’வுக்கு 3 பைட், ‘கி’க்கு 6. ஆகவே மீனாட்சிசுந்தரம் என்ற டீலர் இத்தனை காலமாக ‘மீனாட்சிசு’ என்றே பில் வாங்கிக்கொண்டிருக்கிறார். போஸ்ட்கிரெஸ் பைட்டை எண்ணாமல் எழுத்துக்குறியை எண்ணும் என்பதால் அவருக்கு விடிவுகாலம்தான்.

ஆனால் ‘வீடு மாற்றுவது போலத்தான்’ என்று மூன்றாம் ஸ்லைடில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் தூக்கம் போயிற்று. சாமான்கள் போய்ச் சேர்ந்துவிடும், ஐயா. ஓராடுபிஜி என்ற இலவசக் கருவி டேபிள்களை அள்ளிக்கொண்டு போய் இறக்கிவிடும். போன இடத்தில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் தொல்லை. சோதனை சர்வரில் கண்ட சில அற்புதங்களைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

முதலாவது, இனிஷியல் இல்லாதவர்கள் மறைந்துபோனார்கள். இனிஷியலையும் பெயரையும் ஒட்டி பில்லில் அச்சிடுகிறோம். இனிஷியல் கட்டம் காலியாக இருந்தால் ஆரக்கிள் பெருந்தன்மையோடு பெயரை மட்டும் தரும். போஸ்ட்கிரெஸுக்குக் கறார் அதிகம். ஒட்டுவதில் ஒன்று நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) என்றால் மொத்தமும் நல். பாக்கித்தொகை பில்லில் இருக்கிறது, பாக்கிதாரரைத்தான் காணோம். வசூல் பிரிவுக்கு இதைவிட நிம்மதி வேறு உண்டா?

அடுத்தது அபராத வட்டி. நாளொன்றுக்கு 40 ரூபாய், 30 நாள் தாமதம், ஆக 1,200 ரூபாய். ஆரக்கிளில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் வெறும் எண் வரும். போஸ்ட்கிரெஸில் நேரமும் சேர்ந்த தேதிகளைக் கழித்தால் வருவது கால அளவு. அதை 40-ஆல் பெருக்கினால் விடை ‘1200 நாள்’. டீலர் அதைப் பணமாகக் கட்டுவாரா, நம் கிடங்கில் வந்து உட்கார்ந்து கழிப்பாரா என்பதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஜிஎஸ்டி எண் தராதவர்களின் பட்டியலிலும் ஒரு விசேஷம். ஆரக்கிளுக்கு வெற்றுச் சொல்லும் ஒன்றுதான், நல்லும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸுக்கு அவை வேறு வேறு. அதனால் நல்லைத் தேடும் இந்தப் பட்டியலில் பழைய டீலர்கள் வருகிறார்கள், மாற்றத்துக்குப் பிறகு சேர்ந்து அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் வரமாட்டார்கள். எந்த எச்சரிக்கையும் எழாது. ஆடிட்டர் எழும்பும்போதுதான் தெரியும்.

தள்ளுபடி விதிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. அவையெல்லாம் ஆரக்கிளுக்குள் பேக்கேஜ்களாக எழுதப்பட்டவை. போஸ்ட்கிரெஸில் பேக்கேஜ் என்ற ஒன்றே கிடையாது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், தீபாவளித் தள்ளுபடி ஏன் ஆடி மாதமே தொடங்குகிறது என்ற ரகசியத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார். இதையெல்லாம் திருத்தி எழுத எத்தனை மனித நாள் ஆகும் என்று அதே ஓராடுபிஜி ஓர் அறிக்கை தருகிறது. அதை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். தங்கள் குழு அதன் அட்டையை மட்டும் ஸ்லைடில் சேர்த்துக்கொண்டது.

அமேசானே ஆரக்கிளை விட்டுவிட்டதே என்று கேட்டீர்கள். விட்டதுதான். ஏறத்தாழ 7,500 டேட்டாபேஸ்களில் இருந்த 75 பெட்டாபைட் தரவை மாற்றி முடித்துவிட்டோம் என்று 2019 அக்டோபரில் அறிவித்தார்கள். அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் உழைத்தன. இங்கே நானும், கல்லூரி முடித்து இப்போதுதான் சேர்ந்த ஒரு தம்பியும் இருக்கிறோம்.

வார இறுதிக்கும் முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது, அமைப்புதான் படுத்துவிட்டது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். நிலைமை முழுதாகச் சீரடைய டிசம்பர் ஆனது. 2022-இல் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம். மறு ஆண்டு, அன்றைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். நம் ஊரில் அப்படியெல்லாம் நடக்காது என்று குழு நம்புவதாக அறிகிறேன்.

ஆகவே ஐயா, கட்ஓவரை, அதாவது புதிய அமைப்புக்கு மாறும் நாளை, மே மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். அதற்கு முன் இரண்டு மாதக் கணக்கு முடிப்பாவது பழையதிலும் புதியதிலும் சேர்ந்தே ஓடி, பைசா பைசாவாக ஒத்துப்போகட்டும். ஞாயிறு எத்தனை மணிக்குள் சரிவராவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்புவது, அதை யார் சொல்வது என்பதை எழுத்தில் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தில் ‘குழு’ என்று முத்திரை குத்தாமல், ஒரு மனிதர் தம் பெயரை முழுதாக எழுதிக் கையொப்பமிடும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரவுத்தளப் பிரிவு ஊழியன்