தரை டிக்கெட்!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காலடியைப் பற்றியவை. ஜமக்காளம், கார்பெட், பாய், மிதியடி என்று ஆளுக்கொரு கவலை. எனவே இந்த இதழில் எல்லோருக்கும் தரை டிக்கெட்தான்.

கே: ஹாலுக்கு விரிப்பு வாங்கப் போகிறோம். ஒரே கலரில் ப்ளெயினாக இருக்கட்டும் என்கிறேன் நான். பூப்போட்டதுதான் வேண்டும் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி? - புதுவீட்டுக்காரர், தாம்பரம்

ப: மனைவி. கேள்வியைத் தபாலில் சேர்க்கும்போதே உங்களுக்கு இது தெரிந்திருக்கும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ப்ளெயின் விரிப்பில் ஒரு சொட்டு சாம்பார் விழுந்தால் அது சாம்பார். பூப்போட்டதில் விழுந்தால் அது இன்னொரு பூ. ஹாலில் ஊரே நடக்கும். அங்கே அழுத்தமான நிறமும் நெருக்கமான டிசைனும்தான் தாக்குப்பிடிக்கும். உங்கள் ப்ளெயின் ஆசையைப் படுக்கையறையில் நிறைவேற்றிக்கொள்ளுங்கள், அங்கேயும் அனுமதி கிடைத்தால்.

கே: எங்கள் ஹால் 12க்கு 14 அடி. என்ன சைஸ் வாங்குவது? - டேப்பும் கையுமாக ஒருவர், சேலம்

ப: டீபாய்க்குக் கீழே கைக்குட்டை காயப்போட்ட மாதிரி ஒரு துண்டு விரிப்பு. நம் ஊரில் பத்து வீட்டில் ஏழெட்டு வீடு இப்படித்தான். விரிப்பு சின்னதானால் அறையும் சேர்ந்து சுருங்கிவிடும். சோபாவின் முன்னங்கால்களாவது விரிப்பின்மேல் ஏறி நிற்க வேண்டும். சுவரோரம் ஓர் அடியாவது தரை தெரிய வேண்டும். உங்கள் ஹாலுக்கு 6க்கு 9 போதும், 8க்கு 10 தாராளம். கடைக்குப் போகும் முன் பழைய பேப்பரை அந்த அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். கதவு திறக்கும்போது இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். மறுநாள் காலையில் பேப்பர் எங்கே கிழிந்து கிடக்கிறதோ, அதுதான் உங்கள் வீட்டின் மெயின் ரோடு. அந்த இடத்தில் வெளிர் நிறம் வருகிற விரிப்பை வாங்காதீர்கள்.

கே: சோபாவில் பூ, திரையில் கொடி, விரிப்பில் கட்டம். மூன்றும் ஒரே அறையில் ஒத்துப்போகுமா? - குழம்பியவர், கோவை

ப: ஒத்துப்போகும், மூன்றும் ஒரே அளவில் இல்லாவிட்டால். ஒன்று பெரிய டிசைன், ஒன்று நடுத்தரம், ஒன்று பொடி என்று இருக்கட்டும். எல்லாமே பெரிது என்றால் அறை வாரச்சந்தை ஆகிவிடும். பட்டுப்புடவையில் உடல், கரை, முந்தி மூன்றும் சண்டையில்லாமல் வாழ்வதைப் பாருங்கள், சூத்திரம் அதில் இருக்கிறது. இன்னொன்று: விரிப்பை முதலில் வாங்குங்கள், சுவர் பெயிண்டைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். பெயிண்ட் ஆயிரம் ஷேடில் கிடைக்கும். மனசுக்குப் பிடித்த விரிப்பு ஒன்றோ இரண்டோதான் அகப்படும். அந்த விரிப்பில் எந்த நிறம் மிகக் குறைவாக இருக்கிறதோ, அதைக் குஷன் உறைக்கு எடுங்கள். பார்க்கிறவர்கள் நீங்கள் ரொம்ப யோசித்ததாக நினைப்பார்கள்.

கே: பாட்டனார் கட்டிய வீடு. ஹால் முழுக்க ஆத்தங்குடிக் கல். அதற்குப் பொருத்தமான கார்பெட் எது? - வாரிசு, காரைக்குடி

ப: எதுவும் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்த கல் அது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்தே எடுப்பார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. பாட்டனார் ஏற்கெனவே ஒரு பூப்போட்ட விரிப்பைச் சுருட்ட முடியாதபடி விரித்துவிட்டுப் போயிருக்கிறார். அதன்மேல் இன்னொரு டிசைன் போட்டால் ஒரே பந்தலில் இரண்டு நாயனம் இரண்டு ராகம் வாசித்த கதை. உட்காரச் சாயமேற்றாத கோரைப்பாய் போதும். விருந்தாளி எழுந்ததும் சுருட்டி வையுங்கள்.

கே: டைனிங் டேபிளுக்கு அடியில் விரிப்பு போடலாமா? - இல்லத்தரசி, மதுரை

ப: போடலாம், கணக்குத் தெரிந்தால். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த பிறகும் அதன் பின்னங்கால் விரிப்பிலேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஓரம் மடங்கி நாற்காலி ஆடும். மேஜையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டடி கூடுதலாக வேண்டும். 3க்கு 5 மேஜை என்றால் 7க்கு 9 விரிப்பு. அதாவது ரசம் விழக் காத்திருக்கும் 63 சதுர அடி. ஆகவே புசுபுசு வேண்டாம், தட்டையாக நெய்த பருத்தி வாங்குங்கள். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர் இருந்தால், அவருக்குப் பத்து வயதாகும் வரை வெறும் தரை.

கே: வீட்டில் பூனை இருக்கிறது. வளையம் வளையமாக இழை நிற்கும் கார்பெட் வாங்கலாமா? - விலங்கு நேசர், புதுச்சேரி

ப: பூனையைக் கேட்டால் உடனே வாங்கச் சொல்லும்.

கே: அம்மாவுக்கு 78 வயது. அவர் அறைக்கு நல்ல டிசைனில் ஏதாவது வாங்கிக் கொடுக்க ஆசை. - மகன், திருச்சி

ப: ஆசையை அலமாரித் துணியில் காட்டுங்கள், கட்டில் விரிப்பில் காட்டுங்கள். தரையில் வேண்டாம். வழவழப்பான டைல்ஸ்மேல் போட்ட சின்ன விரிப்பு, வாழைப்பழத் தோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் எதையும் விரிக்காதீர்கள். அவர் கைத்தடியோ வாக்கரோ வைத்திருந்தால் அந்த அறையில் விரிப்பே கூடாது. குளிருகிறது என்று அவரே கேட்டால், அடியில் வழுக்காத ரப்பர் வலை போட்டு, ஓரம் சுருளாத தட்டையான விரிப்பு. கறுப்பு வட்டம் போட்ட டிசைனைத் தொடாதீர்கள். பார்வை மங்கியவர்களுக்கு அது பள்ளமாகத் தெரியக்கூடும்.

கே: ‘ஜமக்காளத்தில் வடிகட்டின பொய்’ என்கிறார்களே, அதென்ன? - தமிழார்வலர், தஞ்சாவூர்

ப: ஜமக்காளத்தின் நெசவு அவ்வளவு நெருக்கம். அதில் ஊற்றி வடித்தால் ஒரு துளி உண்மைகூடக் கலக்காத சுத்தமான பொய் இறங்கும். குழித்தறியில் உட்கார்ந்து ஊடை நூலை அடித்து அடித்து இறுக்குவார்கள். பாவு நூல் கண்ணுக்கே தெரியாது. பட்டை பட்டையாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் ஊதாவும் முழுக்க ஊடைதான். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே முகம். பழமொழிக்கு நேர்மாறாக, ஜமக்காளம் பொய் சொல்வதே இல்லை.

கே: அப்படியானால் குழந்தைகள் அறைக்கு ஜமக்காளமே போதுமா? அசல் பவானி ஜமக்காளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? - இரட்டைப் பிள்ளைக்காரி, ஈரோடு

ப: போதும் என்ன, அதைவிட நல்லது கிடையாது. ஒரு பக்கம் அழுக்கானால் மறுபக்கம் திருப்பலாம். உதறினால் தூசி போய்விடும். கிரேயான் கோடு பட்டையோடு பட்டையாகக் கலந்துவிடும். அசல் விஷயம்: ஜமக்காளத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒதுக்கியிருக்கிறார்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனாலும் விசைத்தறிச் சரக்கு ‘பவானி’ என்று பேர் சொல்லிக்கொண்டு கடையேறுகிறது. கைத்தறி முத்திரையைக் கேளுங்கள். கையில் தூக்கிப் பாருங்கள், பார்வைக்கு ஜமக்காளமாக இருப்பது எடைக்குப் போர்வையாக இருந்தால் கீழே வையுங்கள். ஈரோட்டிலேயே இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானி கூடுதுறையில் குளித்துவிட்டு நெசவாளர் சங்கத்தில் வாங்கி வந்தால் புண்ணியமும் ஜமக்காளமும் ஒரே பஸ் டிக்கெட்டில்.

கே: பத்தமடைப் பாய் தரையில் போடவா, சுவரில் மாட்டவா? - கலாரசிகர், பாளையங்கோட்டை

ப: எந்தப் பாய் என்பதைப் பொறுத்தது. தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை வெட்டிக் காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து நெய்கிறார்கள். கோரையை எவ்வளவு மெலிதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு மென்மை. பொடி இழையில் நெய்ததுதான் பட்டுப்பாய். துணி மாதிரி மடிக்கலாம். கல்யாணத்துக்குச் சொல்லிவைத்தால் மணமக்கள் பெயரையும் சேர்த்தே நெய்து தருவார்கள். சாதாரணப் பாயைத் தரையில் போட்டுப் புரளுங்கள். பெயர் நெய்த பாயைச் சுவரில் மாட்டுங்கள். கோபத்தில் ஒருவர் பெயரை இன்னொருவர் மிதிக்கிற வாய்ப்பாவது குறையும்.

கே: ‘கையால் முடிச்சுப் போட்டது’ என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். நம்புவது எப்படி? - சந்தேகப் பிராணி, சென்னை-17

ப: ஆளை நம்பாதீர்கள், கார்பெட்டின் முதுகைப் பாருங்கள். கையால் முடிச்சிட்டதில் முன்பக்க டிசைன் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகளும் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். பின்னால் துணி ஒட்டி மூடியிருந்தால் அது இழையைத் துப்பாக்கிபோன்ற கருவியால் குத்தி, பசை தடவியது. அதிலும் கைவேலை உண்டு, ஆனால் முடிச்சு இல்லை, முடிச்சின் விலையும் கூடாது. அடுத்து ஓரத்துக் குஞ்சம். அசலில் குஞ்சம் என்பது பாவு நூலின் மிச்சம், உடம்போடு பிறந்தது. மெஷினில் பெரும்பாலும் தனியாகத் தைத்திருப்பார்கள். ‘சுத்தக் கம்பளி’ என்றால் உதிர்ந்த இழை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகிய நாற்றம் அடித்துப் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கடைக்குள்ளே கொளுத்த வேண்டாம், கேள்வி-பதில் பகுதிக்கு வாசகர்கள் தேவை.

கே: நீங்கள் விரிப்பு வாங்கி ஏமாந்ததே இல்லையா? - சீண்டுபவர், நாகர்கோவில்

ப: இல்லாமல் என்ன? ஒரு கண்காட்சியில் ரத்தச் சிவப்பில் யானைகள் வரிசையாகப் போகும் பருத்தி விரிப்பு. பார்த்ததும் காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தது. விரிப்பை எடுத்தால் வெள்ளை டைல்ஸ் இடுக்கெல்லாம் சிவப்பு. வந்த உறவினர் “இங்கே என்ன நடந்தது?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அன்றிலிருந்து சட்டைப்பையில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையோடுதான் கடைக்குப் போகிறேன். விரிப்பின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால், சாயம் போகிற சரக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடும்.

கே: ஜன்னலோர வெயிலில் கார்பெட் பாதி வெளுத்துவிட்டது. - வருத்தத்தில், வேலூர்

ப: லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அர்தபில் கம்பளம் இருக்கிறது. ஈரானில் நெய்தது, 1539-40க்கு இணையான ஹிஜ்ரி ஆண்டை அதிலேயே நெய்திருக்கிறார்கள். நீளம் பத்தரை மீட்டருக்குப் பக்கம். சாயம் போகக்கூடாது என்று அரை மணிக்கு ஒரு முறை, பத்து நிமிஷம் மட்டும் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அதற்கே அந்தக் கதி, வேலூர் வெயிலுக்கு உங்கள் கார்பெட் எம்மாத்திரம்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். வெளுப்பதானாலும் சமமாக வெளுக்கட்டும்.

கே: கடற்கரைக்குப் பக்கத்து ஃபிளாட். சணல் விரிப்பு அழகாக இருக்கிறதே? - உப்புக்காற்று, பெசன்ட் நகர்

ப: அழகுதான், ஈரத்தையும் அழகாக உறிஞ்சும். ஐப்பசி மழையில் அடிப்பக்கம் பூஞ்சை பூக்கும், அது நீங்கள் கேட்காத டிசைன். தினமும் ஈரத்துணியால் துடைக்கிற தரையில் எந்த விரிப்பையும் நிரந்தரமாகக் கிடத்தக்கூடாது. வீட்டில் ஆஸ்துமா இருந்தால் கனத்த கார்பெட்டும் வேண்டாம், தூசி அதில் குடித்தனம் நடத்தும். வாரம் ஒரு முறை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகிற எடையில் எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

கே: நல்ல கார்பெட் எத்தனை வருஷம் உழைக்கும்? - சிக்கனம், சிவகாசி

ப: அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில் பழைய கல்லறை ஒன்றைத் தோண்டி, 1949இல் ஒரு கம்பளம் எடுத்தார்கள். வயது ஏறக்குறைய 2,400. அதில் வரிசையாகப் போகும் மான்களும் குதிரைவீரர்களும் இன்னும் தெரிகிறார்கள். ரகசியம்: அத்தனை காலமும் ஐஸில் உறைந்து கிடந்தது, யாரும் மிதிக்கவில்லை. சிவகாசியில் இரண்டுமே கஷ்டம்.

கே: கார்பெட் நெசவில் குழந்தைகளை வேலை வாங்குகிறார்கள் என்பதால் வாங்கவே தயக்கமாக இருக்கிறது. - மனசாட்சி, தூத்துக்குடி

ப: இந்தக் கேள்விக்கு நகைச்சுவை இல்லை. குழந்தை உழைப்பு இல்லாமல் நெய்தது என்று சான்று தரும் ‘ரக்மார்க்’ முத்திரையை 1994இல் கொண்டுவந்தவர் கைலாஷ் சத்யார்த்தி. 2014இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் இவர். அந்த முத்திரை இப்போது ‘குட்வீவ்’ என்ற பெயரில் இருக்கிறது. வாங்கும்போது அதைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் தெரிந்துகொள்வார்.

கே: இவ்வளவும் நினைவில் நிற்காது. ஒரே வரியில் சொல்லுங்கள். - அவசரக்காரர், அரக்கோணம்

ப: கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின்மேல் வெறுங்காலோடு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், விலைச்சீட்டை அதற்கப்புறம் பார்க்கலாம்.